கிரியாட்டினின் குறைந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்!

கேள்வி: வயது 52. சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டு. எடை 96 கிலோ, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 1.7, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் மதிப்பீடு) 48. பயந்துபோய் பட்டினி கிடந்தும் இணையத்தில் வாங்கிய மூலிகைப் பொடியைச் சாப்பிட்டும் இரண்டு மாதத்தில் 9 கிலோ குறைத்தேன். கிரியாட்டினின் 1.5 ஆனது. ஆனால், பருமனான சிறுநீரக நோயாளிகளே அதிக நாள் வாழ்கிறார்கள் என்று படித்தேன். நகத்தில் வெள்ளைப் புள்ளிகள், முதுகுவலியும் இருக்கின்றன. டயாலிசிஸ் வரை போய்விடுமா?

பதில்: இஜிஎஃப்ஆர் 48 என்ற அளவில் டயாலிசிஸ் பேச்சுக்கே இடமில்லை. அது சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையில் முற்பாதி. அங்கேயே பல ஆண்டுகள் நிற்பவர்கள் உண்டு. வேகமாகச் சரிபவர்கள் பெரும்பாலும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிபவர்கள். நகப் புள்ளி வரை எழுதிய நீங்கள் இந்த ஒரு பரிசோதனையைக் குறிப்பிடவே இல்லை. காலையில் கழிக்கும் முதல் சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். 30க்குள் (மி.கி./கிராம் கணக்கில்) இருந்தால் நிம்மதி. தாண்டினால் மறுபரிசோதனையும் சிகிச்சையும் தேவை. 300க்கு மேல் போனால் சிறுநீரக மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள்.

பருமனான உடலுக்கு ஈடுகொடுக்க சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் ஒவ்வொன்றும் அளவுக்கு மீறி உழைக்கின்றன. அழுத்தம் ஏறி, அவை வீங்கி, புரதத்தை ஒழுகவிடுகின்றன. எடை குறைந்தால் அந்த ஒழுக்கும் குறைகிறது. எனவே எடையைக் குறைக்க நினைத்தது சரி; வழிதான் தவறு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பட்டினியில் தசை கரைந்தாலும் அந்த எண் இறங்கும், சிறுநீரகம் தேறாமலேயே! சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல, அதையும் கேளுங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது தனி ஆபத்து.

நீங்கள் படித்த 'பருமன் நல்லது' கதை பெரும்பாலும் டயாலிசிஸ் நோயாளிகளிடம் கண்டது. அவர்களிடம் மெலிவே பல நேரம் நோய் முற்றியதன் அடையாளம். உங்களுக்கு அது பொருந்தாது.

நகப் புள்ளியை மறந்துவிடுங்கள். முதுகுவலிக்கு நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகத்துக்கு அதுவே பெரிய பகை.

பொடியை இன்றே நிறுத்துங்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்க மூலிகை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது; அதில் கலந்திருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலமே காரணம். உங்கள் பொடியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. டப்பாவை எறிந்துவிடாமல் உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.