அமெரிக்காவில் ஆசிரியராக வேண்டும். அந்நாட்டு அரசமைப்பில் எதை முதலில் படிப்பது?

தமிழ்நாட்டில் பி.எட். முடித்துவிட்டு நியூஜெர்சியில் ஆசிரியர் சான்றிதழுக்கான பிராக்சிஸ் தேர்வுக்குப் படிப்பதாகக் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். நானும் அதே வழியில் வந்தவள்தான். என்னைக் காலை வாரியது அறியாமை அல்ல, பள்ளியில் நன்றாகப் படித்திருந்த இந்திய அரசியல் சாசனம்.

பயிற்சித் தேர்வில் ஒரு கேள்வி: சாசனம் குறிப்பிடாத அதிகாரங்கள் யாருக்கு? யோசிக்காமல் மத்திய அரசு என்று குறித்தேன். இந்தியாவில் அதுதான் சரி. இங்கே 10-வது திருத்தம் அவற்றை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் விட்டுவைக்கிறது. இங்கே மாநிலங்கள்தான் மூத்தவை. 1787-இல் அவை சாசனம் எழுத பிலடெல்பியாவுக்கு ஆள் அனுப்பி (ரோட் ஐலண்ட் மட்டும் அனுப்பவில்லை), தங்கள் கையிலிருந்ததில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்து இன்றைய மத்திய அரசை உருவாக்கின. முதலில் இதைப் படியுங்கள்.

உங்கள் வேலையே இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க சாசனத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. அதனால் ஆசிரியர் சான்றிதழைத் தருவது மாநிலம். நாளை டெக்சாஸுக்குக் குடிபோனால் அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியை நடத்துவது பெரும்பாலும் ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம். செலவில் பெரும்பகுதி மாநில நிதியும் உள்ளூர்ச் சொத்து வரியும்தான். வாஷிங்டனில் இன்றுள்ள கல்வித் துறை 1980-இல்தான் செயல்படத் தொடங்கியது.

ஆளுநர் என்றதும் ராஜ்பவன் நினைவுக்கு வருகிறதா? இங்கே அவர் மக்கள் தேர்ந்தெடுத்தவர், ஏறக்குறைய நம் முதலமைச்சர். அதிபரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்த்த முடியாது. பதவி நீக்க விசாரணை உண்டு: காங்கிரஸ் எனப்படும் இங்குள்ள நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், மேலவையான செனட் விசாரிக்கும், தண்டிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அப்படிக் குற்றம் சாட்டப்பட்ட அதிபர்களில் ஒருவர்கூட இதுவரை செனட்டில் தண்டிக்கப்படவில்லை. 435 பிரதிநிதிகள், 100 செனட்டர்கள், தலைநகருக்கு 3, ஆக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகள் 538. இந்த எண்களை ஒரே இரவில் மனப்பாடம் செய்துவிடலாம்.

நேரம் செலவழிக்க வேண்டியது நீதிமன்றத் தீர்ப்புகளில். நான் மாற்று ஆசிரியராகப் போன முதல் வாரம், காலையில் கொடி உறுதிமொழியின்போது ஒரு மாணவி உட்கார்ந்தே இருந்தாள். "எழுந்திரு" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உடனிருந்த ஆசிரியை கண்ணாலேயே என்னைத் தடுத்தார். மேற்கு வர்ஜீனியா மாநிலம் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கியது செல்லாது என்று 1943-இல், உலகப் போரின் நடுவில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். கொடியை வணங்குவது தங்கள் மதநம்பிக்கைக்கு எதிரானது என்று கருதும் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் குடும்பங்கள் தொடுத்த பார்னெட் வழக்கு அது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் தானே சொன்ன தீர்ப்பை நீதிமன்றம் மாற்றிக்கொண்டது. தேசிய கீதம் பாட மறுத்து நீக்கப்பட்ட கேரளப் பிள்ளைகளை, அவர்களும் யெகோவா சாட்சிகளே, மீண்டும் பள்ளியில் சேர்க்க 1986-இல் நம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கலாம்.

அடுத்தது 1969-இன் டிங்கர் வழக்கு. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிவந்த அயோவா மாணவர்கள் அதில் வென்றார்கள். பாடம் நடப்பதைக் கெடுக்காதவரை மாணவரின் கருத்தைப் பள்ளி அடக்க முடியாது.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். கருத்துரிமையைக் காக்கும் முதல் திருத்தம் தடுப்பது காங்கிரஸ் இயற்றும் சட்டத்தைத்தானே, அது ஓர் ஊர்ப் பள்ளியை எப்படிக் கட்டுப்படுத்தும்? உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் வந்த 14-வது திருத்தத்தின் வழியாக. மாநிலமும் உரிமையைப் பறிக்கக் கூடாது என்கிறது அது. நிறப்பாகுபாட்டுப் பள்ளிகளுக்கு முடிவுகட்டிய 1954-இன் பிரவுன் தீர்ப்பும் அதே திருத்தத்தின் மீது நிற்பதுதான். 10-வதையும் 14-வதையும் ஒரே தாளில் அருகருகே எழுதிவைத்துப் படியுங்கள். நான் இரண்டாம் முறை தேர்வெழுதியபோது அப்படித்தான் படித்தேன்.