சுமைதாங்கிக்கு என்ன பட்டம்?

கேள்வி: ஆசிரியர் ஐயா, எங்கள் ஊரில் முப்பத்தைந்து வருடம் மருத்துவமாதுவாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். 1995 இடப்பெயர்வு நேரம் பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்துப் பிரசவம் பார்த்தவர். அவருடைய பெயரைத் தேசிய விருதுக்கு அனுப்பலாம் என்று சனசமூக நிலையத்தில் பேசினோம். அவரோ ‘வேண்டாம் பிள்ளையள்’ என்கிறார். ஊரின் சுமையைச் சுமந்தவருக்கு நாடு ஒரு மரியாதை செய்யக் கூடாதா? பட்டங்களை எப்போதும் எதிர்க்கும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகி, கொடிகாமம்

பதில்: சுமை என்று எழுதிவிட்டீர்கள். விருதுக்குப் பிறகு வருகிறேன். முதலில் சுமைதாங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போன ஒழுங்கையின் முடக்கில் ஒரு சுமைதாங்கி இருந்தது. நிமிர்ந்து நிற்க இரண்டு கல், குறுக்கே ஒன்று, மேலே சுண்ணாம்புச் சாந்து. தலையில் கடகத்தோடு சந்தைக்கு நடக்கிறவர் இன்னொருவரின் கைத்துணை இல்லாமலே பாரத்தை அதன்மேல் இறக்கலாம், திரும்ப ஏற்றலாம். அதற்கென்றே பார்த்து வைத்த உயரம். பக்கத்தில் கிணறு. மாடுகள் உடம்பு தேய்க்க ஓர் ஆவுரோஞ்சிக்கல். இதை ஆர் கட்டினது என்று ஒருநாள் ஆச்சியைக் கேட்டேன். “பிள்ளைத்தாச்சியாய்ச் செத்துப்போன ஒரு பெட்டைக்குக் கட்டினது. அவள் இறக்கி வைக்காமல் கொண்டுபோன பாரத்தை வாறவை போறவை இறக்கி வைக்கட்டுமெண்டு” என்றா. எங்கள் பக்கத்துச் சுமைதாங்கிகள் பலவற்றின் கதை இதுதான்.

வீதி அகலிப்பில் அந்தக் கல் போய்விட்டது. உடைக்க வேண்டாம், பத்தடி தள்ளி நட்டுவிடுங்கள் என்று மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இதை இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். பருத்தித்துறையில் போய்ப் பாருங்கள், தெருமூடி மடத்தின் கூரைக்குக் கீழாக, கல்தூண்களுக்கு நடுவாலே வீதி போகிறது. மடமும் நிற்கிறது, வாகனமும் போகிறது. மனம் இருந்தால் எங்கள் ஒழுங்கையிலும் இடம் இருந்திருக்கும்.

சரி, உங்கள் ஊர் அம்மாவிடம் வருகிறேன். 1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிள்ளைகள் பிறந்தால் ஏறக்குறைய 2,000 தாய்மார் இறந்தார்கள். இன்று அந்தக் கணக்கு 50க்கும் கீழே. மலேரியாவை அடக்கியது, இலவச ஆஸ்பத்திரி, நல்ல மருந்து, நேரத்துக்குக் கிடைத்த இரத்தம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் படலையைத் திறந்து வீட்டுக்குள் வந்தவர் மருத்துவமாதுதான். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்துவந்த ஏற்பாடு அது. எந்த வீட்டில் எத்தனையாவது மாதம், ஆருக்குக் கால் வீங்கியிருக்கிறது, எந்த மாமியார் கிளினிக்குக்கு விட மாட்டா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் காலத்தில் எங்கள் ஊரில் எவரும் புதிதாக ஒரு சுமைதாங்கி கட்டவில்லை. தலைச்சுமை போய் லொறி வந்தது ஒரு காரணம். மற்றக் காரணம் உங்கள் ஊர் அம்மாவைப் போன்றவர்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். போருக்குப் பயந்து, மழைக்குள் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் உங்கள் தென்மராட்சிப் பக்கத்துக்கு நடந்தது. அந்த நெரிசலில் பிள்ளைத்தாச்சிகளும் நடந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு வகுப்பறையும் வெந்நீரும் தெரிந்த கையும் இருந்ததால் பிழைத்தவர்களுக்கு இப்போது முப்பது வயது. அந்த அம்மாவுக்கு நாடு மரியாதை செய்யக் கூடாதா என்று கேட்கிறீர்கள். செய்ய வேண்டும். அது நாடு பட்ட கடன்.

நான் எதிர்ப்பது வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் சேர், முதலியார் என்று பட்டங்கள் இருந்தன. 1956இல் பிரதமர் பண்டாரநாயக்கா பிரித்தானியப் பட்டங்களை நிறுத்தினார். அவருடைய தகப்பனே சேர் பட்டம் பெற்ற மகா முதலியார். அந்த முடிவை நான் மெச்சுகிறேன். அதே ஆண்டு அவர் கொண்டுவந்த தனிச் சிங்களச் சட்டத்தை மன்னிக்க மாட்டேன். முப்பது ஆண்டு கழித்து, 1986இல், அரசு புதிய வரிசையை அமைத்தது: ஸ்ரீலங்காபிமான்ய, தேசமான்ய, தேசபந்து, வித்யாஜோதி, கலாகீர்த்தி, இப்படி. மேலே உள்ள அந்த முதற் பட்டம் உயிரோடிருப்பவர்களில் ஐந்து பேருக்கு மேல் இருக்க முடியாது. அவ்வளவு கவனமாக வகுத்த வரிசையில் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இடம் இல்லை. அடுத்த ஆண்டே, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில், தமிழும் அரசகரும மொழி என்று எழுதினார்கள். அப்புறமாவது ஒரு பெயரைச் சேர்த்திருக்கலாம். ‘சான்றோர்’ என்ற சொல்லுக்கு என்ன குறை?

இதைவிடக் கோபம் எனக்குக் காசுப் பட்டங்களில். சாமஸ்ரீ, தேசகீர்த்தி என்று அழைப்பிதழில் வருகிறதே, அவை அரசின் அந்த வரிசையில் இல்லை. மண்டபச் செலவுக்கு ஒரு தொகை தந்தால் பொன்னாடையும் பட்டமும் தருவோம் என்று ஓர் அமைப்பு எனக்கே கடிதம் போட்டது. அதனால்தான் இந்த இதழில் எவருடைய பெயருக்கு முன்னாலும் அவற்றைப் போடுவதில்லை. அதற்காகச் சந்தாவை நிறுத்தியவர்கள் உண்டு. நிறுத்தட்டும்.

ஆறுமுக நாவலருக்கு ‘நாவலர்’ என்ற பட்டத்தை 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்தது. அது அவருடைய பேச்சுக்குக் கிடைத்தது. 1877 பஞ்சத்தில் பசித்த சனத்துக்குக் கஞ்சித்தொட்டி வைத்தாரே, அதற்குப் பட்டம் இல்லை. நாங்களும் அதை அதிகம் பேசுவதில்லை. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க வைத்தியர் கிறீன், 1884இல் தன் நாட்டில் இறந்தார். தமிழர்களிடையே மருத்துவ ஊழியம் செய்தவர் என்று அவருடைய கல்லறையில் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும்.

இனி, அனுப்பலாமா என்ற உங்கள் கேள்வி. அவருடைய சம்மதம் இல்லாமல் அனுப்பாதீர்கள். ஆறுதலாக ஒருநாள் பக்கத்தில் இருந்து, ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். கொழும்புக்குப் போய்வரும் அலைச்சலை நினைத்துச் சொல்லியிருந்தால் கூடப்போக ஆள் இருக்கிறது என்று சொல்லலாம். அரசின் கையால் வாங்க மனமில்லை என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள், வற்புறுத்த எங்களுக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். கிளினிக் நாளில் பிள்ளைத்தாச்சிகள் எங்கே இருக்கிறார்கள்? வெயிலில் நிற்கிறார்கள் என்றால் சனசமூக நிலையம் ஒரு கொட்டகை போட்டு நாலு வாங்கு வைக்கட்டும். எந்த உயரத்தில் வாங்கு வேண்டும் என்று அவரிடமே கேட்டுச் செய்யுங்கள். என் பங்காக ஒரு வாங்கின் செலவு.

அவர் சொந்தமாக ஏதும் குறிப்புக் கொப்பி எழுதி வைத்திருந்தால் ஐப்பசி மழைக்கு முதல் அதைப் பத்திரமான இடத்துக்கு மாற்றுங்கள். அவர் சம்மதித்தால் அவருடைய கதையை அவர் வாயால் கேட்டு எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.