பேஸ்பால் பார்க்க ஒரு கார் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்): கல்லூரி நண்பர்கள் பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். இரண்டு வாரம் காரில் சுற்றி எல்லோரையும் பார்த்து, ஊருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டமும் பார்க்க ஆசை. திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நண்பர்களுக்கு எந்த நாள் வசதி என்று கேட்பதற்கு முன்னால் ஆட்ட அட்டவணையைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு அணியும் சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. அதில் பாதி, அதாவது 81, சொந்த மைதானத்தில். ஒரு வாரம், பத்து நாள் உள்ளூரில் ஆடிவிட்டு அணி வெளியூர் கிளம்பிவிடும். நீங்கள் பாஸ்டனில் இறங்கும் வாரம் ரெட் சாக்ஸ் அணி டெக்சாஸில் இருந்தால், 1912இல் திறந்த ஃபென்வே பார்க்கை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அதனால் எல்லா அணிகளின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். பாஸ்டனிலிருந்து தெற்கே வருவதா, வாஷிங்டனிலிருந்து வடக்கே போவதா என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்யும். நியூயார்க்கில் யாங்கீஸ், மெட்ஸ் என இரண்டு அணிகள் இருப்பதால் பெரும்பாலும் ஏதாவது ஒன்று ஊரில் இருக்கும். வாஷிங்டனுக்கும் அப்படியே, நேஷனல்ஸ் வெளியூரில் இருந்தால் பக்கத்து பால்டிமோரில் ஓரியோல்ஸ் ஆடலாம்.

தூரம் பெரிய பிரச்சினை இல்லை. பாஸ்டன் – நியூயார்க் ஏறக்குறைய நம் சேலம் – சென்னை தூரம். நியூயார்க் – ஃபிலடெல்ஃபியா, சேலம் – கோவை அளவு. பால்டிமோர் – வாஷிங்டன், ஈரோடு போய்வருகிற மாதிரிதான். நேரத்தைத் தின்பது நியூயார்க்கைச் சுற்றியுள்ள நெரிசல். மதியம் மூன்று மணிக்கு மேல் அந்த ஊருக்குள் கார் நுழையும்படி திட்டம் போடாதீர்கள்.

அடுத்தது மழை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆட்டம் மழையால் தள்ளிப்போனால் பொதுவாகப் பணம் திரும்பாது. அதே டிக்கெட் மறு ஆட்டத்துக்குச் செல்லும். ஒன்பது இன்னிங்ஸில் (இரு அணியும் ஒருமுறை பேட் செய்தால் ஒரு இன்னிங்ஸ்) ஐந்து முடிந்த பிறகு மழையால் ஆட்டத்தை முடித்துவிட்டால் அது முழு ஆட்டமாகவே கணக்கு. ஒரே அணியுடன் வழக்கமாக மூன்று ஆட்டம் தொடர்ந்து நடக்கும். அதில் முதல் நாள் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து, அந்த ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். மறு ஆட்டம் பல சமயம் அடுத்த நாளே, ஒரே நாளில் இரண்டு ஆட்டமாக நடக்கும். உங்கள் டிக்கெட் வீணாகாது. கடைசி நாள் ஆட்டத்தை நம்பினால், எதிரணி அடுத்து அந்த ஊருக்கு எப்போது வருகிறதோ அப்போதுதான் மறு ஆட்டம். நீங்கள் சேலம் திரும்பியிருப்பீர்கள்.

ஏப்ரலைத் தவிர்க்கலாம். பாஸ்டன் இரவு ஆட்டத்தில் அப்போது குளிர் வாட்டும். மே கடைசி, ஜூன், அல்லது செப்டம்பர் நல்லது. வார நாட்களில் டிக்கெட் விலையும் குறைவு.

டிக்கெட் எல்லாம் போனில்தான். நண்பர் நாலு பேருக்கும் சேர்த்து வாங்கினால், அவரவர் போனுக்கு முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். பார்கோடு மாறிக்கொண்டே இருப்பதால் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் வாசலில் விடமாட்டார்கள். கூட்டத்தில் நெட் இழுக்கும். அறையிலிருந்து கிளம்பும்போதே போன் வாலட்டில் சேமித்துவிடுங்கள். உள்ளே கொண்டுபோகும் பைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு, மைதானத்துக்கு மைதானம் அளவு மாறும். முதுகுப்பையைக் காரிலேயே வைத்துவிடுவது மேல்.

கேள்வி (ஏற்காடு): மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் தினம் ஓட்டுகிறேன். அமெரிக்காவில் நானே ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். பரிவாகன் தளத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஓராண்டு செல்லும். நம்மூர் அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். வாடகைக் கார் எடுக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு தேவை. ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் கூடுதல் கட்டணம். அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

வலப்பக்கம் ஓட்டுவது நேர்ச்சாலையில் சீக்கிரம் பழகிவிடும். தவறு நடப்பது சந்திப்பில் இடப்பக்கம் திரும்பும்போது. கை தன்னால் நெருங்கிய இடது தடத்துக்குள் நுழைக்கும், எதிரே வண்டி வந்துகொண்டிருக்கும். நடுக்கோடு எப்போதும் ஓட்டுநரின் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கில் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பப் பல இடங்களில் அனுமதி உண்டு. நியூயார்க் நகருக்குள், பலகை இருந்தாலொழிய, கிடையாது. பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால், நடுவே தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசை வண்டியும் நிற்க வேண்டும். பெட்ரோல் பம்ப் ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்டு நம் கார்டை மறுத்தால் உள்ளே போய்ப் பணம் கட்டுங்கள். நியூ ஜெர்சியில் ஊழியர்தான் பெட்ரோல் போடுவார், நீங்கள் இறங்கவே வேண்டாம்.

வந்து இறங்கிய அன்று ஓட்டாதீர்கள். கோடையில் நமக்கும் அங்குள்ள கிழக்குக் கரைக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். ஆட்ட நாளில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் காரை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போங்கள். யாங்கீ ஸ்டேடியத்துக்கு 4, பி, டி ரயில்கள். மெட்ஸ் மைதானத்துக்கு 7. ஃபென்வேக்கு கிரீன் லைனில் கென்மோர் நிலையம்.

கேள்வி (அம்மாப்பேட்டை, சேலம்): நண்பர் வீட்டுக்கு மல்கோவா மாம்பழம் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. ஏற்காட்டில் வாங்கிய வறுத்த காபிக்கொட்டை, காய்ந்த மிளகு கொண்டுபோகலாம். தட்டுவடை செட் கேட்கும் நண்பருக்குத் தட்டையை மட்டும் கட்டுங்கள். கேரட்டும் பீட்ரூட்டும் அங்கேயே துருவிக்கொள்வார். எதுவாக இருந்தாலும் சுங்கத்தில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): அப்பாவுக்கு 70 வயது, கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். அவரையும் கூட்டிப்போகிறோம். எதைக் கவனிக்கச் சொல்வது?

பதில்: முதலில் நிழலான இருக்கை. பெரும்பாலான மைதானங்களில் மேற்கு வெயில் பேட்ஸ்மேனின் முதுகுப் பக்கமிருந்து விழும்படி அமைத்திருப்பார்கள். பேஸ் என்பது ஓடித் தொட வேண்டிய மூலை; மைதானத்தைப் பார்த்து நிற்கும் பேட்ஸ்மேனுக்கு மூன்றாம் பேஸ் இடப்பக்கம், முதல் பேஸ் வலப்பக்கம். அதனால் மாலை நெருங்க நெருங்க மூன்றாம் பேஸ் பக்கம்தான் முதலில் நிழல் வரும். முதல் பேஸ் பக்கம் உட்கார்ந்தால் வெயில் கண்ணில் அடிக்கும். பாதுகாப்பு வலை இல்லாத இடத்தில் உட்கார்ந்தால், பந்து எறியும் நேரத்தில் போனைப் பார்க்கக் கூடாது. கோட்டுக்கு வெளியே அடிபட்ட ஃபவுல் பந்து நேராக வரும்.

ஆட்டத்தில், பேட்ஸ்மேன் நிற்கும் இடத்திலிருந்து முதல், மூன்றாம் பேஸ் வழியாகப் போகும் இரண்டு கோடுகளுக்கு வெளியே போகும் பந்துக்கு ரன் இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள். லேட் கட்டும் லெக் கிளான்ஸும் இங்கே செல்லாது. பந்து தரையில் குத்தாமல், 60 அடி 6 அங்குலத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும். பேட்ஸ்மேனை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் விக்கெட் கீப்பர் மாதிரி இருக்கும் கேட்சரின் கையுறையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கையுறையை நீட்டிய இடத்துக்கே பந்து வந்தால், பந்து எறியும் பிட்சர் நினைத்தது நடந்தது. யார்க்கரை ரசிக்கிறவருக்கு இது சட்டென்று பிடிபடும்.

அவர் ரன் அவுட்டை விரும்புபவராக இருந்தால் டபுள் பிளே கட்டாயம் பிடிக்கும். முதல் பேஸில் ஒருவர் நிற்கிறார். பேட்ஸ்மேன் அடித்த பந்து தரையோடு உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) போகிறது. அவர் குனிந்து எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிகிறார். அங்கிருப்பவர் ஒரு காலால் பேஸைத் தொட்டுக்கொண்டே உடலைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிகிறார். பேட்ஸ்மேன் 90 அடி ஓடி முடிப்பதற்குள் இரண்டு பேர் அவுட். பின்னால் ஆள் வருவதால் முன்னவர் நகர்ந்தே ஆக வேண்டும். அதனால் ஆளைத் தொட வேண்டியதில்லை, பேஸைத் தொட்டால் போதும்.

ஸ்கோர் தாளில் இதை 6-4-3 என்று எழுதுவார்கள். ஷார்ட்ஸ்டாப் 6, இரண்டாம் பேஸ்மேன் 4, முதல் பேஸ்மேன் 3. அடிக்கத் தவறினாலும், அடிக்கக்கூடிய பந்தை விட்டுவிட்டாலும் அது ஒரு ஸ்ட்ரைக்; மூன்று ஆனால் அவுட். மூன்றாவது ஸ்ட்ரைக்கை அடிக்க முயன்று தவறினால் கே (K). அடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றால் அதே கே எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். ஸ்கோர் தாளைச் சேலத்திலேயே அச்சடித்து, அப்பாவிடம் ஒரு பென்சிலும் ரப்பரும் கொடுங்கள். முதல் மூன்று இன்னிங்ஸுக்கு நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் நாலாவதிலிருந்து அவரே எழுதுவார்.