வீட்டைச் சோதித்தார்கள், எதுவும் கிடைக்கவில்லை: சட்டப்படி அடுத்து என்ன?

திண்டுக்கல் மாவட்ட வாசகர் ஒருவரின் கேள்வி இது: "போன வாரம் அதிகாலையில் போலீசார் வந்து, திருட்டு நகை இருப்பதாகத் தகவல் என்று சொல்லி வீட்டைச் சோதித்தார்கள். வாரண்ட் எதையும் காட்டவில்லை. பீரோ பூட்டை உடைத்தார்கள், அரிசி டிரம்மைக்கூடக் கவிழ்த்தார்கள். ஒன்றும் கிடைக்காததால், எழுதாத தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் என்ன செய்யலாம்?"

பொருள் கிடைக்கவில்லை என்பதாலேயே ஒரு சோதனை சட்டவிரோதமாகிவிடாது. உங்கள் வாசற்படியை மிதிப்பதற்கு முன் அவர்கள் என்ன எழுதிவைத்தார்கள் என்பதே இங்கு முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, வாரண்ட் இல்லாமல் சோதிக்க வரும் புலனாய்வு அதிகாரி, எந்தப் பொருளைத் தேடுகிறார், அது அந்த வீட்டில் இருப்பதாக ஏன் நம்புகிறார் என்பதை முன்கூட்டியே வழக்கு நாட்குறிப்பில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவருக்குப் போய்ச் சேர வேண்டும். ராஜஸ்தான் அரசு எதிர் ரெஹ்மான் வழக்கில், காரணத்தை எழுதிவைக்காமல் நடத்திய சோதனை சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எனவே காவல் நிலையத்துக்குப் போய் வாதாடுவதை விட்டு, நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு கொடுங்கள். வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பவரோ கேட்டால் அந்தப் பதிவை இலவசமாகத் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அப்படி எதுவும் வரவில்லை என்று நீதிமன்றம் தெரிவித்தால் அதையும் எழுத்தில் பெறுங்கள். என் அனுபவத்தில், பல நேரங்களில் வழக்கின் வலுவான ஆவணம் அதுதான். அதே சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி சோதனை முழுவதும் வீடியோவில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதால், அந்தப் பதிவையும் மனுவில் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அப்பாவின் கையெழுத்துதான் எனக்குக் கவலை தருகிறது. அந்தத் தாளில் நாளை எதுவும் எழுதப்படலாம். தாள் வெறுமையாக இருந்தது, எந்தப் பொருளும் எடுக்கப்படவில்லை, மகஜர் (சோதனை விவரத்தை எழுதிய பதிவு) நகல் தரப்படவில்லை, அக்கம்பக்கத்தவர் யாரும் சாட்சியாக அழைக்கப்படவில்லை. இவற்றில் உங்கள் விஷயத்தில் உண்மையானவற்றை மட்டும் எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) இன்றே அனுப்புங்கள். உடைந்த பூட்டைப் படமெடுத்த பிறகு மாற்றுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பரிகாரங்களில், மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் செல்வதையே முதலில் பரிந்துரைப்பேன். நீதிமன்றக் கட்டணம் கிடையாது, இழப்பீட்டுக்கு ஆணையம் பரிந்துரைக்கலாம். ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்பதென்றால், பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். அங்கும் ஓராண்டுக் காலவரம்பு குறுக்கிடலாம் என்பதால் தாமதிக்காதீர்கள். புலனாய்வு எப்படி நடக்க வேண்டும் என்ற சட்ட விதியைத் தெரிந்தே மீறி ஒருவருக்குப் பாதகம் விளைவிக்கும் அதிகாரிக்கு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 199ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. எனினும் அரசின் முன் அனுமதி தேவை என்ற வாதம் எழும், மேலதிகாரியின் அறிக்கை கேட்கப்படும். இது நீண்ட பாதை. அடித்திருந்தாலோ, பெண்களிடம் தகாத முறையில் நடந்திருந்தாலோ மட்டும் இதை முதலிலேயே யோசிக்கலாம்.

வந்தவர்கள் நகைக்குப் பதிலாகக் கஞ்சா என்று சொல்லியிருந்தால் வேறு சட்டம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, நியாயமான சந்தேகமின்றிச் சோதித்த அதிகாரிக்கு ஆறு மாதம் வரையும், வன்மத்துடன் பொய்த் தகவல் கொடுத்துச் சோதனைக்குக் காரணமானவருக்கு இரண்டு ஆண்டு வரையும் சிறை என்கிறது. உங்கள் விஷயத்திலும் பொய்த் தகவல் தந்தவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவில் நடவடிக்கைக்கு இடமுண்டு. ஆனால் தகவல் தந்தவர் யார் என்று சொல்லும்படி போலீசாரை நீதிமன்றம்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் மீது சந்தேகம் என்பதற்காக அவர் பெயரைப் புகாரில் சேர்த்துவிடாதீர்கள்.