கறுப்பின விவசாயிகளின் நிலத்தைக் கூட்டுறவுச் சங்கங்களால் காப்பாற்ற முடிந்ததா?

‘அமெரிக்கக் கறுப்பின விவசாயிகள் நிலம் இழந்ததற்கு நிறவெறிதானே காரணம், கூட்டுறவுச் சங்கம் என்ன செய்துவிட முடியும்?’ என்பது கேள்வி. நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். இந்த வரலாற்றில் என் கண் முதலில் போய் நின்றது உயிலில்தான்.

1920இல் அங்கே கறுப்பின விவசாயிகள் சுமார் 9,25,000 பேர். பெரும்பாலோர் பிறர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுதவர்கள். 1990களின் கணக்கெடுப்புகளில் மொத்த எண்ணிக்கை 20,000க்கும் கீழே வந்துவிட்டது. அரசுக் கடன் மறுப்பு, மிரட்டல், வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்வு எல்லாம் உண்டு. ஆனால் சொந்த நிலம் வைத்திருந்தவர்களைச் சாய்த்ததில் சத்தமில்லாத ஒரு வழி இருந்தது.

வெள்ளையரின் நீதிமன்றத்தை நம்பாத தாத்தா உயில் எழுதாமலே இறப்பார். நிலம் வாரிசுகள் அனைவருக்கும் பிரிபடாத பங்காகச் சேரும். இரண்டு தலைமுறையில் நாற்பது பங்காளிகள். அந்த மண்ணை மிதித்தே இராத, சிகாகோவில் வாழும் ஒரு பேரனின் பங்கை நில வியாபாரி சொற்பத் தொகைக்கு வாங்குவான். உடனே அவனும் பங்காளி. பாகம் கேட்டு வழக்குப் போடுவான். ‘இதை நாற்பது கூறாக்க முடியாது, முழுவதையும் ஏலம் விடுங்கள்’ என்று தீர்ப்பு வரும். ஏலத்தில் ரொக்கத்தோடு நிற்பவன் அவன்தான். பாகப்பிரிவினை வழக்கு பார்த்த நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1967இல் 22 சங்கங்கள் சேர்ந்து தென்மாநிலக் கூட்டுறவுகளின் கூட்டமைப்பைத் தொடங்கின. விதையும் உரமும் மொத்தமாக வாங்குவது, கடன் சங்கம், விளைச்சலைச் சேர்ந்து விற்பது ஆகியவை வழக்கமான வேலைகள். 1985இல் நிலம் காக்கும் அமைப்பு ஒன்றோடு இணைந்தபின், உயில் எழுத வைப்பதும் வாரிசுகளைத் தேடிப் பிடித்து உரிமை ஆவணங்களைச் சரிசெய்வதும் அவற்றுக்குச் சமமான பணியாயின. டிராக்டர் வாங்கித் தருவதைவிட இதுவே பெரிய உதவி என்பேன் (தொழில் பாசம் என்று நினைத்தாலும் சரி). இப்படிப் பிரிபடாத வாரிசு நிலத்துக்காக, மாநிலங்கள் ஏற்கட்டும் என்று 2010இல் வந்த மாதிரிச் சட்டத்தை அலபாமா, ஜார்ஜியா உள்ளிட்ட பல மாநிலங்கள் ஏற்றன. ஒரு பங்காளி விற்பனை கேட்டால், மதிப்பிட்ட விலைக்கு அந்தப் பங்கை வாங்க மற்றவர்களுக்கு முதல் வாய்ப்பு தர வேண்டும்.

சேர்ந்து விற்பதும் எளிதாக இருக்கவில்லை. 1967இல் தென்மேற்கு அலபாமா விவசாயிகள் சங்கம் அமைத்து வெள்ளரிக்காய் பயிரிட்டார்கள். வாக்காளராகப் பதிந்ததற்காகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டவர்களும் அதில் இருந்தனர். மாநில போலீஸ் அவர்களுடைய லாரியை மறித்து நிறுத்தியது; வெயிலில் சரக்கு அழுகியது. காய்கறிக்காரனை அடிக்க அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

தோல்வியும் உண்டு. 1969இல் ஜார்ஜியாவில் தொடங்கிய ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற கறுப்பினக் கூட்டுப் பண்ணை சுமார் 5,700 ஏக்கரைப் பொதுச் சொத்தாக வைத்திருந்தது. அந்த யோசனையில் ஊர் நிலத்தைப் பொதுவில் வைக்கச் சொன்ன வினோபா பாவேயின் கிராமதானத்துக்கும் பங்குண்டு. வறட்சிக் காலத்தில் அவசரக் கடன் உரிய நேரத்தில் கிடைக்காமல் 1985இல் நிலம் கைவிட்டுப் போனது. அரசுக்கு எதிரான பாகுபாட்டு வழக்கில் 2009இல் அவர்களுக்கு 1.2 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது. அந்தப் பணத்தில் 2011இல் அதே ஜார்ஜியாவின் ஆல்பனி நகர் அருகே 1,600 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். அது ஒருகாலத்தில் அடிமைகளை வைத்து நடத்திய பண்ணை.