பால்வினை நோய்ப் பரிசோதனையை யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ள தனியார் லேப் நல்லதா, அரசு மருத்துவமனையா?

கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சொந்த ஊரிலேயே இருக்கிறீர்கள், அரசு ஆஸ்பத்திரி வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆனால் "தனியார் என்றால் ரகசியம் காப்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

என் மனைவி மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது, எனக்கு ஷிப்ட் என்பதால் அவள் அண்ணன்தான் லேபுக்கு அழைத்துப் போனார். கவுன்டரில் கேட்டதும் தன் நம்பரையே கொடுத்திருக்கிறார். சாயங்காலம் ரிப்போர்ட் அவருடைய வாட்ஸ்அப்புக்குப் போனது. சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் வி.டி.ஆர்.எல். என்று ஒரு வரி, எதிரே கொட்டை எழுத்தில் 'ரியாக்டிவ்'. மச்சான் கூகுளில் போட்டுப் பார்த்து, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்று வந்ததும் நேராக மாமியாரிடம் சொல்லிவிட்டார். எனக்கு மில்லுக்குப் போன் வந்தது: "மாப்ள, பர்மிஷன் சொல்லிட்டு உடனே வாங்க." போனால் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் காபி குடித்த டம்ளரை மாமியார் தனியாகக் கழுவிக் கவிழ்த்தார். டம்ளரால் சிபிலிஸ் பரவாது. அந்த நேரத்தில் சொன்னால் எடுபடுமா?

லேபில் போய்க் கேட்டால், "நீங்க கொடுத்த நம்பருக்குத்தானே சார் அனுப்பினோம்" என்கிறார்கள்.

மறுநாள் இருவரும் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "1:2 தானே, அளவு குறைவுதான், பதறாதீங்க" என்றார். வி.டி.ஆர்.எல். என்பது சிபிலிஸ் கிருமிக்கே உரிய பரிசோதனை இல்லையாம்; கர்ப்பத்திலும் லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்) போன்றவற்றிலும்கூட சிலருக்கு இப்படிக் காட்டுமாம். அந்தக் கிருமிக்கே உரிய டி.பி.எச்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால்தான் உறுதி. அப்படியே சிபிலிஸாக இருந்தாலும், ஆரம்பக் கட்டம் என்றால் 24 லட்சம் யூனிட் பென்சதீன் பென்சிலின் ஒரு தவணை போதும், சீக்கிரம் போட்டுவிட்டால் குழந்தையையும் காப்பாற்றலாம் என்றார். பக்கத்திலேயே நம்பிக்கை மையம், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் இடம். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினார். எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சம்மதம் கேட்டபிறகுதான் ரத்தம் எடுத்தார்கள், முடிவையும் அவரவரிடம்தான் சொன்னார்கள். காசு வாங்கவில்லை. இருவருக்கும் எல்லாமே நெகட்டிவ். மச்சான் அதற்கப்புறம் என்னிடம் கிரிக்கெட் மட்டும்தான் பேசுகிறார்.

உடனே எல்லா லேபையும் திட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். நல்ல லேபும் இருக்கும். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொடி பிடிக்கவும் இல்லை. அங்கே பைக் ஸ்டாண்டில் பலகையில் ஒரு ரேட், கையில் வாங்குவது இன்னொரு ரேட். கேட்டால், "இஷ்டம் இருந்தா நிறுத்து" என்று ஒருமையில் பேசுகிறான். நோயாளியோடு வருகிறவன் எங்கே போய் நிறுத்துவான்? இதைப் பற்றி மனு கொடுத்தும் பார்த்தாயிற்று, பதில் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆணுறை இல்லாமல் நடந்து, எச்.ஐ.வி. பயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 28 நாள் தடுப்பு மாத்திரை உண்டு. அந்த நேரம் தாண்டிவிட்டது என்றால், அடுத்த வாரமே ஒரு டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். புண்ணோ, சீழோ, நீர்க்கடுப்போ இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு விழுங்க வேண்டாம். இணைக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காவிட்டால் திரும்ப வரும். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் பலவீனமாகிக் கிழியும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்கு அடியுங்கள், கட்டணம் கிடையாது.

அப்புறம், ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி விளக்கம் கேட்காதீர்கள். நான் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீஷியன்.