மஞ்சள் கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்

கேள்வி: புரோட்டான்களை ஹீலியம் வாயுவில் மோதவிட்டு, எத்தனை அணுக்கள் கிளர்வடைகின்றன (உயர் ஆற்றல் நிலைக்கு ஏறுகின்றன) என்று அளக்கிறார்களாமே. கண்ணுக்கே தெரியாத அணுவை எப்படி எண்ணுகிறார்கள்?
– இயற்பியல் முதுகலை மாணவி, தஞ்சாவூர்

பதில்: அணுவை எண்ணுவதில்லை, அது விடும் வெளிச்சத்தை எண்ணுகிறோம். ஆய்வு மாணவனாக நாலு வருடம் நான் செய்த வேலை இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் கற்றையை, மிகக் குறைந்த அழுத்தத்தில் ஹீலியம் உள்ள அறைக்குள் அனுப்புவோம். மறுமுனையில் ஃபாரடே கிண்ணம். அதில் சேரும் மின்னோட்டத்தை வைத்து எத்தனை புரோட்டான் போனது என்று கணக்கிடலாம். பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே நிறங்களைப் பிரிக்கும் கருவி, அதன் பின்னால் மங்கலான ஒளியையும் உணரும் போட்டோமல்டிப்ளையர். ஜன்னலைக் கற்றைக்கு 54.7 டிகிரியில் வைத்தால், வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகாததால் வரும் பிழை தானே விலகிவிடும்.

சரி, சிக்கல் எங்கே? அடிநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், இருக்கும் ஹீலியத்துக்கு 23.1 எலக்ட்ரான் வோல்ட் கொடுத்தால் மூன்றாம் மட்டத்து ஒற்றை பி நிலைக்கு ஏறும் (அணுவின் இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் எதிரெதிராக இருந்தால் அது ஒற்றை நிலை). இரண்டு நானோ விநாடிகூட அங்கே தங்காது. இறங்கும்போது நூறில் இரண்டு அணுதான் 501.6 நானோமீட்டர் பச்சை ஒளியை விடும். மற்றவை 53.7 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை விட்டு நேரே அடிநிலைக்கு வரும். அந்தக் கதிரைப் பக்கத்து ஹீலியம் அணு விழுங்கிவிட்டு, அதே நிலைக்கு ஏறும். அதற்கும் பச்சை ஒளி விட ஒரு வாய்ப்பு! புரோட்டான் தொடாத அணுவும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இது தெரியாமல் பல வாரம் எனக்கு அளவு கூடுதலாகவே வந்தது. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒரு புரோட்டானுக்கு, ஓர் அணுவுக்கு இவ்வளவு வெளிச்சம் என்ற மதிப்பு மாறாமல் நிற்கும் இடம் வந்த பிறகுதான் அந்த எண்ணை நம்பினேன்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தில், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன் பார்த்த மஞ்சள் கோடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னால் ஹீலியத்தின் அடையாளமான 587.6 நானோமீட்டர் கோடு அது. அது மும்மை நிலைகளிலிருந்து, அதாவது இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் ஒரே பக்கமாக இருக்கும் நிலைகளிலிருந்து, வருவது. அடிநிலையோ ஒற்றை நிலை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஓர் எலக்ட்ரானின் தற்சுழற்சி திரும்ப வேண்டும். மோத வரும் துகளின் எலக்ட்ரானோடு இடம் மாற்றிக்கொண்டால் அது நடக்கும். புரோட்டானிடம் மாற்றிக்கொள்ள எலக்ட்ரானே கிடையாது. ஆகவே புரோட்டான் கற்றையில் மஞ்சள் தெரிந்தால், இடையில் வேறு எதுவோ புகுந்திருக்கிறது: மோதலில் தெறித்த எலக்ட்ரான் இன்னோர் அணுவில் இடித்திருக்கலாம், அல்லது புரோட்டான் வழியில் எலக்ட்ரானைப் பிடித்து ஹைட்ரஜன் அணுவாகியிருக்கலாம். இரண்டுமே இரண்டு மோதல் சேர்ந்த வேலை. எனவே அழுத்தத்தை இருமடங்காக்கினால் மஞ்சள் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

ஒற்றை மின்னேற்ற ஹீலியம் அயனியை அனுப்பினால் கதையே வேறு. அதனிடம் ஓர் எலக்ட்ரான் மிச்சம் இருக்கிறது, மஞ்சள் நேரடியாகவே வரும். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஹீலியம் மின்னிறக்கக் குழாய் இருந்தால் நிறமாலைமானியில் பாருங்கள். மஞ்சள் பளிச்சென்று தெரியும். அங்கே மோதுபவை எலக்ட்ரான்கள்.